வெராக்ரூஸில் ஓர் ஆங்கில ஆசிரியை

அட்லஸை விரித்து மும்பையின் மேல் விரலை வையுங்கள். அங்கிருந்து நேர் மேற்காக, அதே அட்சரேகையிலேயே விரலை நகர்த்திக்கொண்டு போங்கள். அரபிக் கடல், அரேபியா, செங்கடல், சஹாரா பாலைவனம், அட்லாண்டிக் பெருங்கடல், கரீபியன் கடல் எல்லாவற்றையும் தாண்டி மெக்ஸிகோ வளைகுடாவின் கரையில் விரல் போய் முட்டும் இடத்தில் வெராக்ரூஸ் என்ற துறைமுகம் இருக்கும். இரண்டு ஊர்களும் 19 பாகை வட அட்சரேகையை ஒட்டியவை. இரண்டிலும் ஜூன் மாதம் மழைக்காலம் தொடங்கும். வேர்வையும் ஏறத்தாழ ஒரே வேர்வைதான்.

என் இளைய மகள் இந்த ஊரில் இரண்டு வருடங்களுக்கு மேலாக ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறாள். சென்ற ஜனவரியில் நானும் என் மனைவியும் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தோம். திரும்பியதிலிருந்து சங்கத்து நண்பர்கள் பலரும், "மெக்ஸிகோவா? அங்கே போய் எதற்கு? அங்கே நம்மவர்கள் இருக்கிறார்களா? பிள்ளையை அனுப்பலாமா?" என்று கேட்டவண்ணம் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நம் இதழிலேயே எழுதிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார். தண்டவாளத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் நான் எழுதிப் பழக்கமில்லை. தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஏன் மெக்ஸிகோ?

மகள் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்து, மும்பைப் புறநகரில் ஒரு பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் நம் ஊரிலிருந்து ஆங்கில வாத்தியாரை யாரும் அழைப்பதில்லை. ஆங்கிலம் தேவைப்படுகிற நாடாக இருக்க வேண்டும், அதே சமயம் ஆங்கிலம் பேசாத நாடாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மெக்ஸிகோ பெரிய சந்தை. வடக்கே அமெரிக்காவோடு நீண்ட எல்லை. வாணிபம், சுற்றுலா, கப்பல், கார்த் தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளிகளிலும் 2009 முதல் ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலத்தைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். தனியார் மொழிப் பயிற்சி நிலையங்கள் எல்லா நகரங்களிலும் இருக்கின்றன.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணை மேப்பில் தேடிப்பார்க்க வேண்டிய ஊருக்கா அனுப்புவீங்க?" என்று என் மனைவி கேட்டாள். உறவினர்களும் அமெரிக்கா என்றால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதன் பக்கத்து நாடு என்றதும் எல்லோருக்கும் கவலை வந்துவிட்டது.

கவலைக்குக் காரணமும் உண்டு. 2011 செப்டம்பரில், வெராக்ரூஸை ஒட்டியிருக்கும் போக்கா தெல் ரியோ என்ற ஊரில் போதைப்பொருள் கும்பல்களின் பகையில் 35 பேரின் உடல்கள் சாலையில் போடப்பட்ட செய்தி உலகமெங்கும் வந்தது. அந்தச் செய்தியை எனக்கு முதலில் எடுத்துக் காட்டியது என் மகளேதான். "மறைச்சுட்டுப் போக விரும்பலைப்பா. எந்த நேரத்துல எங்க போகணும், எங்க போகக்கூடாதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போறேன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் சம்மதித்தேன். ஆபத்து இல்லை என்று சொல்லியிருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன்.

நம் நாட்டிலிருந்து மெக்ஸிகோவுக்குப் பாடம் சொல்லப் போனவர்களில் இவள் முதல் ஆளும் அல்ல. வார்தாவில் பிறந்த பாண்டுரங்க கான்கோஜே, கதர் இயக்கத்தில் சேர்ந்து வெள்ளைக்காரன் கையில் சிக்காமல் நாடு நாடாக அலைந்து, 1920களில் மெக்ஸிகோவுக்குப் போனார். அங்கே சாப்பிங்கோ என்ற இடத்து வேளாண்மைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். மக்காச்சோளத்தில் ஆராய்ச்சி செய்தார். தியேகோ ரிவேரா என்ற புகழ்பெற்ற ஓவியர் தம் சுவரோவியம் ஒன்றில் அவரை வரைந்திருக்கிறார். 2022இல் சாப்பிங்கோவில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். இதை என் மனைவியிடம் சொன்னேன். "அவருக்கு அம்மா கூட இருந்து கேட்கலை போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

'நீங்கள் நேட்டிவ் இல்லையே?'

பாஸ்போர்ட், விசா ஆகியவற்றைவிட முதலில் எதிர்ப்பட்ட தடை வேறு. வெளிநாட்டு வேலை விளம்பரங்கள் பலவற்றில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். மகள் 120 மணி நேர ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றை முறையாக வாங்கியிருந்தாள். அப்படியும் ஒரு நிலையத்தார் கம்ப்யூட்டர் வழியாக அரை மணி நேரம் பேசிவிட்டு, "உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. ஆனால் பெற்றோர்கள் அமெரிக்க முகத்தை எதிர்பார்க்கிறார்கள்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். இரண்டாவது நிலையம் எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஆனால் மணிக்கூலி மற்றவர்களைவிடக் குறைவு, மூன்று மாதம் பரீட்சார்த்தம் என்றார்கள்.

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். எனக்கு வருத்தம்தான். "குறைந்த சம்பளத்துக்கு ஏன் ஒத்துக்கொண்டாய்?" என்று கேட்டேன். "அவங்களுக்குப் பொறந்ததுலேர்ந்து இங்கிலீஷ் வரும். அதனால எங்க தடுக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் தடுக்கித் தடுக்கித்தானே கத்துக்கிட்டேன். அதை அவங்க பார்க்கிறதுக்கு மூணு மாசம் போதும்பா" என்றாள். அவள் சொன்னதில் எவ்வளவு விஷயம் இருந்தது என்பது அந்த ஊருக்குப் போய் அவள் வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

காகித வேலை

வேலை விசாவுக்கு நாமே நேரில் போய் விண்ணப்பித்துவிட முடியாது. மெக்ஸிகோவில் வேலை தருகிறவர்தான் அங்குள்ள தேசியக் குடியேற்ற அலுவலகத்தில் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அந்த நிறுவனம் அதே அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். ஊழியர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேராவது மெக்ஸிகோ நாட்டவராக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய தொழிலாளர் சட்டம். அனுமதி கிடைத்ததும் ஓர் எண் கொடுக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு மகள் புது டில்லியிலுள்ள மெக்ஸிகோ தூதரகத்தில் நேர்முகத்துக்குப் போனாள். பட்டச் சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சான்றும், அதன் மேல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வாங்கினோம். அந்த ஊரில் போய் இறங்கிய 30 நாட்களுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் விசாவைக் கொடுத்து, தற்காலிகக் குடியிருப்பு அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் அட்டை ஒரு வருடத்துக்கு. மொத்தம் நான்கு வருடம் வரை நீட்டிக்கலாம்.

விமான டிக்கெட் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். மற்ற நாடுகளிலும் விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

மலையிலிருந்து இறங்கிய பாதை

தலைநகரமான மெக்ஸிகோ சிட்டி கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது ஊட்டியின் உயரம். அங்கிருந்து வெராக்ரூஸுக்கு 1873 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்ட ரயில் பாதை சுமார் 424 கிலோமீட்டர். நம் போர் காட் ஏற்றம் அதற்குப் பத்து வருடம் மூத்தது, 1863. போர் காட்டில் ஏற்றம் 37 அடிக்கு 1 அடி. மெக்ஸிகோ மலையில் சில இடங்களில் 25 அடிக்கு 1 அடி, அதற்கும் மேலே. அதற்கென்றே இரு முனைகளிலும் புகைபோக்கி வைத்த ஃபேர்லி இன்ஜின்களை இங்கிலாந்திலிருந்து தருவித்தார்கள். 1920களில் அந்த மலைப்பகுதிக்கு மின்சாரமும் வந்தது. போர் காட் மின்மயமான காலமும் ஏறத்தாழ அதுதான்.

இவ்வளவையும் படித்துக்கொண்டு போன எனக்கு அந்தப் பாதையில் பிரயாணம் செய்யக் கொடுத்துவைக்கவில்லை. 1990களில் ரயில்வேயைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டபோது பயணி வண்டிகள் நின்றுபோயின. இப்போது சரக்கு வண்டிதான் ஓடுகிறது. பஸ்ஸில் இறங்கினோம். நல்ல பஸ்தான். ஐந்தாறு மணி நேரத்தில், ஸ்வெட்டர் போட்ட குளிரிலிருந்து தென்னையும் வாழையும் கரும்பும் நிற்கிற சமவெளிக்கு வந்துவிடுகிறோம். வழியில் 5,600 மீட்டருக்கும் மேலான ஓரிஸாபா சிகரம் பனி மூடி நின்றது. அந்த நாட்டிலேயே உயரமான சிகரம் அதுதான். கீழே இறங்க இறங்க மனைவியின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "நம்ம ஊர் மாதிரிதாங்க இருக்கு" என்றாள். வாழைமரத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பாதி பயம் போய்விடும்.

ஊரும் மனிதர்களும்

2020 கணக்கெடுப்பின்படி நகரத்தில் சுமார் 6 லட்சம் பேர். சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்தால் 9 லட்சத்துக்கு மேல். 1519இல் ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தெஸ் வந்து இறங்கிய கரை இது. ஊர்ப் பெயருக்கு 'உண்மையான சிலுவை' என்று பொருள். எழுத்தில் 'வெ' என்றாலும் பேச்சில் 'பெராக்ரூஸ்' என்றுதான் ஒலிக்கும். துறைமுகத்துக்கு எதிரே சான் ஹுவான் தெ உலுவா என்ற பழைய கோட்டை. 1825இல் ஸ்பானியப் படை கடைசியாக வெளியேறியது அங்கிருந்துதான்.

அக்டோபர் முதல் மார்ச், ஏப்ரல் வரை 'நோர்த்தே' என்ற வாடைக்காற்று அவ்வப்போது வரும். இரண்டு மூன்று நாள் ஜன்னல்களைப் போட்டு உலுக்கும். படகுகள் கரையேறிவிடும். மகள் போய் இறங்கியது ஒரு நவம்பர் மாதம். முதல் வாரத்திலேயே நோர்த்தே. மின்சாரம் இல்லை, பாஷை தெரியாது, அறையில் தனியாக இருந்தாள். நமக்கும் அந்த ஊருக்கும் 11 மணி 30 நிமிட வித்தியாசம். இங்கே காலை 6.30 என்றால் அங்கே முந்திய நாள் மாலை 7 மணி. அந்த நாட்களில் நாங்கள் காபி போடும் வேளையில் அவள் பேசுவாள். அழவில்லை. ஆனால் ஒன்றுமில்லாத விஷயத்தை நீட்டி நீட்டிப் பேசுவாள். பெற்றவர்களுக்கு அது புரியாதா?

வீட்டுக்காரியான அம்மாள் எழுபது வயதுக்காரர். மரியாதையாக 'தோஞா' என்று அழைக்க வேண்டும். இந்த 'ஞ' ஓசை ஸ்பானிஷில் தாராளமாக வருகிறது. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் நாக்கைப் புரட்டிக்கொண்டிருக்க, நம் பெண்ணுக்கு முதல் நாளே சுத்தமாக வந்துவிட்டது. அந்த அம்மாள் இவளை 'மிஹா' என்றார். 'என் மகளே' என்பதன் சுருக்கம் அது. தினமும் மாலையில் சமையலறையில் நிறுத்திவைத்து, கரண்டி, வெங்காயம், அடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்தார். 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் ஸ்பானிஷில் தனித்தனிச் சொல் உண்டு. யாரிடம் எதைச் சொல்வது என்று ஆங்கிலேயனுக்குப் புரியவைக்க நாளாகும். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. 'அஹோரித்தா' என்ற சொல்லுக்கு 'இப்போதே' என்று அகராதி சொல்கிறது. உண்மையில் அது நம் 'இதோ வந்துட்டேன்' மாதிரி. ஐந்து நிமிடமும் ஆகலாம், மாலையும் ஆகலாம்.

இந்தியாவிலிருந்து வந்தவர் எந்த மதத்தவரானாலும் அங்கே 'இந்து' என்றுதான் சொல்கிறார்கள். 'இந்தியோ' என்றால் அந்நாட்டுப் பழங்குடியைக் குறிக்கும், அதையும் இளக்காரமாகச் சொல்கிற வழக்கம் இருப்பதால் தவிர்க்கிறார்கள். நம்மவர்கள் தலைநகரிலும் மற்றப் பெரிய தொழில் நகரங்களிலும் இருக்கிறார்கள். இந்தத் துறைமுகத்தில் என் மகள் ஒரு தமிழ்க் குடும்பத்தைக்கூட இன்னும் சந்திக்கவில்லை.

நவம்பர் 1, 2 தேதிகளில் அங்கே இறந்தோரை நினைக்கும் நாள். வீட்டில் படிக்கட்டு மாதிரி மேடை வைத்து, போனவர்களின் படங்களையும் அவர்களுக்குப் பிடித்த பதார்த்தங்களையும் வைக்கிறார்கள். சுற்றிலும் மஞ்சள் பூ. தசராவுக்கு மும்பை முழுக்க நாம் தோரணம் கட்டும் ஜெண்டுப் பூவேதான் அது. பூவின் பூர்வீகம் மெக்ஸிகோ. போன வருடம் அந்த அம்மாள், "உன் வீட்டில் போனவர்கள் யார்?" என்று கேட்டு, என் தாயாரின் படத்தையும் மேடையில் வைக்கச் சொன்னாராம். பக்கத்தில் என்ன வைக்க வேண்டும் என்று கேட்டபோது, மகள் ஒரு டம்ளர் காபி வைத்தாள். தாமிரபரணிக் கரையைத் தாண்டிக் கல்யாண் வரைதான் வந்தவர் என் தாயார். அவர் படம் மெக்ஸிகோ வளைகுடாக் கரையில், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் பெரியவர்களோடு இருந்தது. மகள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு என் மனைவி, அன்று முதல் அந்த அம்மாளைச் 'சம்பந்தியம்மா' என்றே சொல்லிவருகிறாள்.

'ஷிப்'பும் 'ஷீப்'பும்

இப்போது வகுப்புக்கு வருகிறேன். மாலை வகுப்பில் பதினாலு பேர். துறைமுகத்தில் கப்பல் தஸ்தாவேஜு பார்க்கும் குமாஸ்தாக்கள், ஹோட்டல் சிப்பந்திகள், ஒரு நர்ஸ், கல்லூரி மாணவர்கள். சனிக்கிழமை குழந்தைகள்.

ஸ்பானிஷ்காரர்கள் 'ஸ்கூல்' என்பதை 'எஸ்கூல்' என்கிறார்கள். நம் கிராமங்களில் 'இஸ்கூல்' என்பதில்லையா? அதே கதைதான். சொல்லின் முதலில் 'ஸ்' தனியாக நிற்பது இரண்டு மொழிக்கும் பழக்கமில்லை. மகள் பாம்பு மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லி, அதோடு 'கூல்' என்பதை ஒட்டவைத்தாள்.

ஸ்பானிஷில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. அதனால் கப்பலைக் குறிக்கும் 'ஷிப்'பும் ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்'பும் அவர்கள் வாயில் ஒன்றுதான். துறைமுக ஊரில் இது சிறிய தொந்தரவல்ல. நமக்கோ ஒன்றாம் வகுப்பிலேயே குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மகள் மேஜையில் ஒரு தட்டு தட்டி 'ஷிப்', இரண்டு தட்டு தட்டி 'ஷீப்' என்றாள். பதினாலு பேரும் தட்டினார்கள். ஆங்கிலத்தில் நீளம் மட்டுமல்ல, நாக்கு இருக்கும் இடமும் மாறுகிறது என்பது அடுத்த பாடம். ஆனால் இரண்டும் வேறு என்று காது ஒப்புக்கொண்டால்தான் நாக்கு கேட்கும். தொல்காப்பியர் காலத்து மாத்திரைக் கணக்கு மெக்ஸிகோ துறைமுகத்துக் குமாஸ்தாவுக்கு உதவும் என்று நான் நினைத்தும் பார்த்ததில்லை.

இன்னும் இருக்கிறது. 'வெயிலாக இருக்கிறது' என்று நாம் சொல்லும்போது யார் வெயிலாக இருக்கிறது என்று கேட்பதில்லை. ஸ்பானிஷிலும் அப்படித்தான். ஆங்கிலம் மட்டும் 'இட்' என்று ஒன்றை முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்கிறது. 'மேக்', 'டூ' இரண்டுக்கும் நமக்குச் 'செய்' என்ற ஒரு சொல் போதும். அவர்களுக்கும் ஒரு சொல்தான். ஆகவே அவர்கள் தவறும் இடங்களில் பாதி, நாம் பள்ளியில் தவறிய இடங்கள். பிறந்தது முதல் ஆங்கிலம் பேசியவர், "அது அப்படித்தான், காதுக்குச் சரியாக ஒலிக்கிறது" என்பார். இவள், "உங்கள் மொழியில் இப்படி, என் மொழியிலும் இப்படி, ஆங்கிலத்தில் மட்டும் அப்படி" என்று கரும்பலகையில் மூன்று வரி போட்டுக் காட்டுகிறாள்.

தொடக்கத்தில் இரண்டு பேர் வேறு ஆசிரியரின் வகுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாதம் முடிந்தபோது நிலையத்தார் வேலையை உறுதி செய்தார்கள். சமமான மணிக்கூலி உடனே வரவில்லை. இரண்டாம் வருடத் தொடக்கத்தில், தன் மாணவர்களின் தேர்வு முடிவுகளை எடுத்துவைத்துக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். இன்னமும் புதிதாகச் சேர வருபவர் சிலர் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்குவதுண்டு. அது ஒரு நாளில் போகிற விஷயமில்லை.

சாப்பாடு

நம்மில் சைவம் சாப்பிடுவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கறுப்புப் பயறு எங்கும் கிடைக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம். சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். 'தமால்' என்று ஒரு பண்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் என் மனைவிக்கு ஒரே குஷி. மக்காச்சோள மாவை இலையில் மடித்து ஆவியில் வேகவைப்பது, நம் இலைக் கொழுக்கட்டை மாதிரி. உள்ளே பெரும்பாலும் இறைச்சி.

மற்றபடி சந்தையில் நமக்குத் தெரியாத பொருள் குறைவு. புளி, தேங்காய், கொத்தமல்லி, சீரகம் எல்லாம் கிடைக்கின்றன. மாம்பழத்தில் 'மணிலா' என்று ஓர் இனம், பிலிப்பைன்ஸ் வழியாகப் போனது. நாம் மும்பையில் 'சிக்கூ' என்கிறோமே, அந்தப் பழத்தின் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். பெயரும் 'சிக்கோஸப்போத்தே' என்பதிலிருந்து வந்தது. நம் 'சப்போட்டா'வும் அதே சொல்லின் மறுபாதி. மிளகாயும் தக்காளியும் அங்கிருந்து நமக்கு வந்தவை. கறிவேப்பிலைதான் கிடைக்கவில்லை. ஒரு நோர்த்தேயின்போது வீட்டுக்கார அம்மாளுக்கு ஜலதோஷம் பிடிக்க, மகள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து காற்று அடித்தால் 'இந்து சூப்' வேண்டுமென்று கேட்கிறாராம்.

காபிப் பிரியர்களுக்கு ஒரு செய்தி. அந்த ஊரில் 1808 முதல் நடந்துவரும் 'கஃபே தெ லா பரோக்கியா' என்ற பெயர்பெற்ற காபிக் கடை உண்டு. கண்ணாடி டம்ளரில் அடியில் கொஞ்சம் டிகாக்ஷன் மட்டும் கொண்டுவந்து வைப்பார்கள். நாம் கரண்டியால் டம்ளரில் 'டிங் டிங்' என்று தட்ட வேண்டும். பால் கெண்டியோடு ஒருவர் வந்து, ஓர் அடி உயரத்திலிருந்து கொதிக்கும் பாலை ஊற்றுவார். நுரை பொங்கும். நாற்பது வருடமாக டபராவில் ஆற்றிக் குடித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? மாலையில் ஊர்ச் சதுக்கத்தில் 'தன்ஸோன்' என்ற இசைக்கு வயதான தம்பதிகள் கைகோத்து ஆடுகிறார்கள். என் மனைவி, "இந்த வயசிலா!" என்றாள். ஆனால் அடுத்த நாளும் அதைப் பார்க்கத்தான் கூப்பிட்டாள்.

போக நினைப்போருக்கு

பணம் சேர்க்கப் போகிற இடம் அல்ல இது. வாடகையும் சாப்பாடும் போக மகள் மிச்சம் பிடிப்பது பெரிய தொகை இல்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவள் அத்தை மகன் அதைவிட நன்றாகவே சம்பாதிக்கிறான். இதை மறைத்து ஆசை காட்டுவது சரியல்ல.

வேலை ஒப்புக்கொள்ளுமுன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மணிக்கூலி வகுப்பு நடத்தும் நேரத்துக்கு மட்டுமா, தயாரிப்புக்கும் உண்டா? விடுமுறை வாரங்களில் சம்பளம் உண்டா? முறையான ஊழியராகச் சம்பளப் பட்டியலில் சேர்த்து சமூகக் காப்பீடு கட்டுவார்களா, இல்லை ரசீது கொடுத்துவிட்டுக் கூலி வாங்கும் முறையா? முறையான ஊழியர் என்றால் டிசம்பர் 20க்கு முன் குறைந்தது 15 நாள் சம்பளம் போனஸாகத் தர வேண்டும் என்பது சட்டம். 2023 முதல், ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பும் உண்டு. சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் போகவேண்டாம். பார்வையாளராக நுழைந்தவர் அங்கே கூலி வாங்கி வேலை செய்ய அனுமதி இல்லை.

பாதுகாப்புக்கு மகள் வைத்திருக்கும் விதிகள் எளியவை. இரவு வகுப்பு முடிந்தால் தெருவில் டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்துவதில்லை, தெரிந்த நிறுவனத்துக்குச் சொல்லித்தான் அழைக்கிறாள். வெளியூர் பஸ் பகலில் மட்டும். பணம் எடுப்பது வங்கிக்குள்ளே. தலைநகரிலுள்ள நம் தூதரகத்தில் பெயர் பதிந்திருக்கிறாள். வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லாமல் எங்கும் போவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர் முதலில் ஸ்பானிஷ் மாணவராக வேண்டும். 1980களில் நான் டிப்ளமோவோடு இந்தப் பக்கம் வந்து பாதைப் பிரிவில் சேர்ந்தபோது, எனக்கு மராத்தி கற்றுக்கொடுத்தவர்கள் என் கீழ் வேலை பார்த்த கேங்மேன்கள். காலையில் அவர்களுக்கு நான் அதிகாரி, மாலையில் அவர்கள் எனக்கு வாத்தியார். நம் சங்கத்தில் அப்படிக் கற்றுக்கொள்ளாதவர் யார் இருக்கிறார்கள்? காய்கறிக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் பேசிப் பேசி இந்த ஊர்ப் பாஷையைப் பிடித்துக்கொண்டவர்கள்தானே நாம் எல்லோரும்? நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். ஒரு மொழியும் முழுசாக வரவில்லையே என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அந்தப் பழக்கமே ஒரு தகுதி என்று கொள்ளும் இடங்கள் உலகத்தில் இருக்கின்றன. கேட்டு வாங்கத்தான் வேண்டியிருக்கிறது.

மகளின் குடியிருப்பு அட்டை இன்னும் சில மாதத்தில் மறுபடி நீட்டிக்கப்பட வேண்டும். நீட்டிப்பாளா, திரும்பி வருவாளா என்று என் மனைவி வாரம் ஒருமுறை கேட்கிறாள். "பார்க்கலாம்மா" என்கிறாள் மகள். அது எந்த 'அஹோரித்தா' என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்க நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம். விண்ணப்பப் படிவங்களின் நகல்களும், மகள் எனக்காக எழுதிக்கொடுத்த ஐம்பது ஸ்பானிஷ் சொற்களும் என் கைவசம் இருக்கின்றன.